பறைக்கு மூன்று சாண்

நாகசுரத்தின் ஒலி அணசு வழியாக வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த அகன்ற வாய்க்கு நேரே மைக்கை நிறுத்துகிறார்கள். கிடைப்பது வெறும் பிளிறல். நாகசுரம் விரல்களுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் தன் துளையைத் தானே திறந்துகொண்டு வருகிறது. ஆகவே ஓரமாக, துளைகளின் உயரத்தில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற தூரத்தில் வை. புல்லாங்குழலுக்கு ஊதுதுளைக்கு நேரே வைத்தால் மூச்சு வந்து முட்டும். சற்று மேலே, விரல்களை எட்டிப் பார்ப்பதுபோல் வை. ஆர்மோனியத்துக்குத் துருத்தியின் பக்கம் போகாதே, இழுப்புக்காரன் மார்பில் காதை வைத்தாற்போல் இருக்கும்.

பறைக்கு மூன்று சாண்.

மற்றவை எல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தவை. கடைசி அளவு மட்டும் நானும் இன்னொரு மனிதரும் ஒரு மாலையில் கண்டுபிடித்தது. அதனால்தானோ என்னவோ, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும், மேடையில் கம்பத்தை நிறுத்தும்போதெல்லாம் என் வலது கை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக்கொண்டு காற்றை அளக்கப் பார்க்கிறது. நான் அதை மடக்கிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. புதுச்சேரியில் ரேடியோவும் கிராமபோனும் விற்கிற கடையில் வேலை. சொந்த ஊர் வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டு. அப்பா இல்லை. அம்மா தன் அண்ணன் வீட்டில், நெல்லும் கரும்பும் விளைந்த அந்தப் பெரிய வீட்டில், விடிந்தது முதல் அடுக்களையில் இருந்தாள். அந்த மாமா என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தவர். அவர் முன்னால் என் குரல் எப்போதும் அரைப்படிதான் வெளியே வரும்.

கடைக்கு வாடிக்கையாக வரும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அரசாங்க உத்தியோகம். நாங்கள் முசே என்போம். பிரான்சிலிருந்து இசைத்தட்டு வெட்டும் யந்திரம் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். அலுமினியத் தட்டின்மேல் கறுப்புப் பூச்சு. ஊசி அதைக் கீறிக்கொண்டே போகும். கீறின இடத்திலிருந்து கறுப்பு நூல் சுருள் சுருளாக எழும்பும், அதைத் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். கீறினால் கீறினதுதான், அழிக்க முடியாது. மைக்கை அவர் மிக்ரோ என்பார். எங்கே வைப்பது, எவ்வளவு சாய்ப்பது என்பதை எல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்து, சில மாதத்தில் தன் காதைவிட என் காதை நம்பத் தொடங்கியிருந்தார்.

முசேவுக்குச் சைகோனுக்கு மாற்றலாகியிருந்தது. போவதற்குமுன் இந்த மண்ணின் வாத்தியங்களைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை. மாமாவின் களத்தில் ஏற்பாடு. வில்லியனூரிலிருந்து நாகசுரக்காரர்கள் வருவார்கள். அதற்குப் பின், என் யோசனையின்பேரில், ஒரு பறை.

பறைக்காரர் எங்கள் ஊர்ச் சேரியில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். அன்று என் வாய் "நீ, வா, போ" என்றுதான் சொன்னது, அதில் கூச்சமும் இல்லை. அவருடைய தம்பி சைகோனில் துறைமுகக் கிடங்கு ஒன்றில் காவலாள். போய் ஆறேழு வருஷம். அண்ணனும் தம்பியும் ஜோடியாக அடித்தவர்கள். அண்ணன் பறையால் ஒன்று கேட்பார், தம்பி பறையால் பதில் சொல்வார். சாவு ஊர்வலத்தில் அழுகிறவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு அடுத்த பதிலுக்காகக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தம்பி கப்பலேறியபின் அவர் ஜோடி சேர்த்துக்கொள்ளவில்லை. முசே சைகோனுக்குப் போகிறார் என்று சொன்னதும் என் கையைப் பிடிக்க வந்து, பாதியில் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"சின்னய்யா, தட்டுல நான் கேக்கறது மட்டும் அடிக்கறேன். பதிலுக்கு எடம் வுட்டுடறேன். அவன் அங்க எதுனா பொட்டி மேல தட்டிக்கட்டும். இன்னா சொல்றே?"

முசேவிடம் சொன்னேன். துறைமுகத்தில் அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து, எதிரே உட்காரவைத்துத் தட்டைப் போட்டுக்காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். விலாசத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒலிப்பதிவுக்கு முதல்நாள் பிற்பகல் பெட்டிகளை ஒற்றைமாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் மட்டும் ஊருக்குப் போனேன். வண்டிப் பாதை சேரியை ஒட்டித்தான் போகும். வண்டிக்காரன் டீ குடிக்கப் போன நேரத்தில் பாட்டரியையும் பெருக்கிப் பெட்டியையும் இறக்கி, கம்பத்தை நட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டேன். நாளைக்குத் தப்பு நேரக்கூடாது என்ற எண்ணம்தான். மாமாவுக்குத் தெரியாது.

அவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, இடது தோளில் அணைத்துக்கொண்டு நின்றார். இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுகுச்சி, வலது கையில் குட்டையான அடிகுச்சி. முதலில் தோலுக்கு நேரே மைக்கை வைத்தேன். செவிட்டில் அறைந்தது. பின்பக்கம் வைத்தேன், கிணற்றுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல் வெறும் முழக்கம், சிண்டுகுச்சி செத்துப்போயிற்று. பத்தடி தள்ளினால் தெருவும் நாயும் காற்றும் வந்தன, பறை வரவில்லை. தள்ளித் தள்ளி, நகர்த்தி நகர்த்தி, பெட்டியில் ஒலித்திருகைக் குறைத்து, கடைசியில் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில், வட்டத்தின் விளிம்பைச் சாய்வாகப் பார்த்தபடி ஓர் இடம் அகப்பட்டது. முன்னால் சிண்டின் துடிப்பு ஒன்றொன்றாக எண்ணும்படி இருந்தது. பின்னால், தோலின் மறுபுறத்திலிருந்து, ஓர் ஆழ்ந்த முனகல் அதோடு கூடவே வந்தது.

"கேக்கறியா?" என்று காதுக்கருவியைக் கழற்றி அவர் தலையில் மாட்டினேன்.

"இன்னா இது, கண்ணுக்குட்டிக்கு வாய்ப்பூட்டு மாரி காதுக்குப் பூட்டா?" என்று சிரித்தபடி ஒரு சுற்று அடித்தவர், நின்றுவிட்டார். மறுபடி அடித்தார். முகம் கோணிக்கொண்டது.

"சின்னய்யா, எனக்குப் பின்னால இன்னொருத்தன் நிக்கறான்."

"அது பறையோட பின்பக்கம். அந்தச் சத்தம்."

"எனுக்குத் தெரியாதா? ஆனா ஜோடியா அடிக்கறப்போ அவன் நிக்கற எடம் அதான்." தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்பிக்கூடப் பார்த்தார். "இங்கியே வெச்சிடு. நவுத்தாதே."

மைக்குக்கும் விளிம்புக்கும் நடுவே தன் கையை விரித்து அளந்தார். சரியாக மூன்று சாண். என் கை சிறியது, என் சாணுக்கு மூன்றரை. "உன் கைய நம்பாதே, என் கைய நம்பு," என்றார்.

அவர் திருப்பிக் கொடுத்த காதுக்கருவியை மாட்டிக்கொள்ளும்முன் துண்டின் நுனியால் அதைத் துடைத்தேன். அவர் பார்த்தார்.

"தூசு," என்றேன்.

"ஆமா, எங்க தெருவுல தூசு கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

மறுநாள் காலையில் களம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. வெயிலுக்கு ஒதுக்கமாக வண்டிக்கொட்டகைக்குள் யந்திரத்தோடு முசே உட்கார்ந்தார். அங்கிருந்து ஒயர் வெளியே வந்து, புங்கமரத்தடியில் நிறுத்தின மைக்கில் முடிந்தது. ஒயர் எழுபது அடி. எங்கே வேண்டுமானாலும் போகும். இதைச் சொல்லிவிடவேண்டும்.

நாகசுரக்காரர் தோடி வாசித்தார். அருமையாக வந்தது. இரண்டாவது தட்டில் தவில்காரர் உற்சாகம் தாங்காமல், நாகசுரத்தை எதிர்கொண்டு பார்க்கிற பழக்கத்தில் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். ஊசி எகிறிப் பக்கத்துக் கோட்டில் விழுந்தது. தட்டு வீண். முசே தலையில் கையை வைத்துக்கொண்டார். மீண்டும் ஒன்று, மீண்டும் ஒன்று. வெயில் ஏறும்போது ஒரே ஒரு தட்டில் ஒரே ஒரு பக்கம் மிச்சம். "இது பறைக்கு," என்றார் முசே. மாமா நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

பறைக்காரர் களத்தின் விளிம்பில் வந்து நின்றார். தோளில் பறை. வெளுத்த வேட்டி. நான் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் நடந்தேன். பத்து எட்டு நடந்திருப்பேன்.

"மருமவனே, எங்கடா இஸ்துகினு போற அத?"

"பறைக்கு மைக் கிட்ட இருக்கணும் மாமா."

"காலைல தோடி வாங்கின குழா அது. அத்தக் கொண்டுபோயி அவன் மூஞ்சியாண்ட நிறுத்துவியா? நாளைக்கி அதே குழாயக் கோயில்ல வெப்பே." மாமா எச்சிலைத் துப்பினார். "அவன் வரப்புக்கு அந்தாண்ட நின்னு அடிக்கட்டும். பறை சத்தம் பத்து ஊருக்குக் கேக்குது, உன் மிஷினுக்குக் கேக்காதா?"

கூட்டம் சிரித்தது. வரப்பு அங்கிருந்து நாற்பது அடி.

பறைக்காரர் குனிந்து, மிகப் பணிவாகச் சொன்னார். "ஆண்டே, நான் அத்தத் தொடமாட்டேன். கம்பம் மட்டும் வரட்டும். மூணு சாண் தள்ளியே நிப்பேன். மூணு சாண் இருந்தாத்தான் சரியா வுழும்."

மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "மூணு சாணா? அது உனக்கு எப்டிடா தெரியும்? யார் சொன்னது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். முந்தின நாள் மாலை அந்த மைக் சேரியில் நின்றது என்று நான் சொன்னால், அதே மைக்கில்தான் இன்று காலைத் தோடி வாங்கினோம் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். நாகசுரக்காரர்கள் இன்னும் போகவில்லை. மரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் அம்மா இருந்தாள்.

"எனக்குத் தெரியாது மாமா," என்றேன்.

பறைக்காரர் திரும்பி நடந்தார். வாய்க்காலைத் தாண்டி வரப்பின்மேல் ஏறி, எங்களைப் பார்த்து நின்றார். அங்கிருந்து அவர் ஒரு விரல் உயரம்தான் தெரிந்தார். நான் கம்பத்தை நடந்த பத்து எட்டும் திரும்பக் கொண்டுவந்து, புங்கமரத்தடியில், மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நட்டேன்.

கொட்டகைக்குள் போனேன். முசே காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிகவும் தூரம். கிட்டே கொண்டுபோ," என்றார் பிரெஞ்சில்.

நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். நல்ல பிரெஞ்சு, இலக்கணப் பிழை இல்லாதது. "பறை தவிலைவிட வலுவானது முசே. கிட்டே வைத்தால் ஊசி மறுபடி எகிறிவிடும். ஒரு பக்கம்தான் இருக்கிறது. இந்தத் தூரம்தான் பத்திரம்."

அவர் என் காதை நம்புகிறவர் என்று சொன்னேன் அல்லவா. தலையசைத்தார். ஊசியை இறக்கினார்.

வரப்பிலிருந்து அவர் அடித்தார். கண்ணால் பார்த்தேன்: குச்சி விழும், சத்தம் சற்றுப் பின்தங்கி வரும். நிறுத்துவார். பறையை மார்போடு அணைத்தபடி அசையாமல் நிற்பார், கடல்தாண்டி யாரோ பதில் சொல்லி முடிக்கும்வரை. பிறகு அடுத்த கேள்வி. அந்த இடைவெளிகளில் புங்கமரத்தில் காக்கை கத்திற்று. மாமா இருமினார். நாற்காலி கிறீச்சிட்டது. நான் தூரிகையால் கறுப்பு நூலை ஒதுக்கிக்கொண்டே இருந்தேன், கையில் ஒட்டிக்கொண்டே வந்தது.

முடிந்ததும் முசே தட்டைப் போட்டுக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "வெட்டவெளிச் சங்கீதம்," என்றார். அந்தச் சின்ன ஒலிபெருக்கியின் சத்தம் கொட்டகையைத் தாண்டாது. வரப்பில் நின்றவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"சின்னய்யா, வுழுந்துச்சா?"

"நல்லா வுழுந்துச்சு."

"பின்னால நிக்கறவன்?"

"அவனுந்தான்," என்றேன்.

மாதங்கள் கழிந்தன. முசே கப்பலேறினார். ஐரோப்பாவில் சண்டை வரப்போகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் ரேடியோவைச் சுற்றி நின்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒரு நாள் முற்பகலில் பறைக்காரர் கடைவாசலில் வந்து நின்றார். வில்லியனூரிலிருந்து ரயிலில் வந்திருக்கவேண்டும். கட்டியிருந்த துண்டில் கரி. மடியிலிருந்து சைகோன் முத்திரை குத்திய உறை ஒன்றை எடுத்தார். ஊரில் யாரிடமும் காட்டவில்லை.

"நீதான் படிக்கணும். தட்டு வெச்சவன் நீதானே."

"உள்ள வா," என்றேன். முதலாளி அன்று ஊரில் இல்லை.

"இங்கருந்தே கேக்கும். நாங்க தொலவுல நின்னே பழக்கப்பட்டவங்க," என்று படிக்குக் கீழேயே நின்றார்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். தம்பி சொல்ல யாரோ எழுதிய கடிதம். எழுதினவர் பேச்சை அப்படியே எழுதியிருந்தார். நலம் விசாரித்த வரிகளைப் படித்தேன். பிறகு:

"அண்ணே, தொரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு நாக்காலியில குந்தவெச்சித் தட்டு போட்டாரு. மொதல்ல யாரோ இருமறாங்க. காக்கா கத்துது. அப்புறம் ரொம்பத் தொலவுல ஒரு சத்தம். அது நீன்னு எனக்குத் தெரியல. தொரை சொன்னப்புறந்தான் தெரிஞ்சுது. பதில் சொல்லலாம்னு மேசை மேல கைய வெச்சிகினே இருந்தேன். நீ எங்க நிறுத்தறேன்னு புடிபடல. நிறுத்தினப்பவும் இருமல்தான், அடிக்கும்போதும் இருமல்தான். மூணு தபா போடச் சொன்னேன். ஒரு தபாகூட என்னால உள்ள நுழைய முடியல. ஏன் அவ்ளோ தொலவுல நின்னே? ஒடம்புக்கு எதுனா ஆயிட்டு, எங்கிட்ட மறைக்கிறியா?"

படித்துவிட்டேன். எந்த வரியையும் விடவில்லை, மாற்றவில்லை. விடலாம் என்று கண் ஓடினது உண்மை. தெருவில் ஒரு ரிக்ஷா போயிற்று.

"இன்னொரு தபா படி. 'மேசை மேல கைய'ங்கறதுலருந்து."

படித்தேன்.

"அன்னிக்கி நல்லா வுழுந்துச்சுன்னியே."

"பொய்தான் சொன்னேன்."

"மூணு சாண் உனக்கு மறந்துபோச்சுன்னு நெனைச்சிகினு இருந்தேன், இம்மா நாளும்," என்றார். "படிச்ச தல, ஆயிரம் கணக்கு ஓடும், அந்த நேரத்துல விட்டுப்போயிருக்கும்னு. எங்க வூட்டுக்காரி திட்டினப்போகூட உனக்காகப் பேசினேன். ஆளுங்க முன்னால மறந்துட்டான், பாவம்னேன்."

"மறக்கல."

"மறந்துட்டேன்னே சொல்லியிருக்கலாமே இப்ப."

 அன்று வந்தது முதல் அவர் ஒரு தடவைகூடச் சின்னய்யா என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முசேவிடம் இன்னொரு தட்டு கேட்கலாம், அவர் இல்லாவிட்டால் வேறு யந்திரம் பார்க்கலாம் என்று ஏதோ உளறினேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"காயிதம் இருக்கா? பதில் எழுது."

எடுத்துவந்தேன். அவர் படியில் கையூன்றிக் குனிந்து, நான் எழுதப்போகிற தாளைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"நடந்ததை எழுதிடறேன்," என்றேன். "நான்தான் கம்பத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன், நான்தான் முசேகிட்ட..."

"யாருக்கு எழுதற நீ? எந்தம்பிக்கு. அவன் ஒத்தையா குந்திகினு கெடங்கு காக்கறவன். ஊர்ல அண்ணன் இன்னும் வரப்புக்கு அந்தாண்டதான் நிக்கறான்னு அவனுக்கு இன்னாத்துக்கு? அத்த வுட்டு ஓடினவன்தானே அவன்?" குரல் ஏறவில்லை. "நான் சொல்றத மட்டும் எழுது. ஒடம்பு நல்லாகீது. எழுதினியா? அன்னிக்கிக் காத்து எதுர்ல அடிச்சுது. அதான் சத்தம் வரல. அம்மாந்தான்."

பேனா நின்றது.

"எழுது. நல்லா எழுதறவனாச்சே."

எழுதினேன். காற்று எதிரில் அடித்தது. மிக நேர்த்தியான கையெழுத்து அப்போது எனக்கு. விலாசம் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதைத் தபாலாபீசில் தானே போடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். தம்பியின் கடிதத்தை மடித்து மடியில் செருகினார். படியிலிருந்து நிமிர்ந்தபோது, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் தன் கை இருந்த இடத்துக்கும் நடுவே இருந்த கல்லை ஒரு கணம் பார்த்தார். கையை விரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். விரிக்கவில்லை. ரயிலடிப் பக்கம் நடந்துபோனார்.

அதற்குப் பின் சண்டை வந்தது. கப்பல் நின்றது. தபாலும் நின்றது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா, அதை யாராவது அந்தத் தம்பிக்குப் படித்துக்காட்டினார்களா, அவன் அதை நம்பினானா, தெரியவில்லை. சைகோனில் ஏதோ ஒரு பெட்டிக்குள் அந்தத் தட்டு இருக்கலாம். இருந்தால் அதில் என் மாமாவின் இருமல் தெளிவாக இருக்கும், காக்கை இருக்கும், என் தூரிகையின் உரசல்கூட இருக்கலாம். காற்று இருக்காது. அன்று களத்தில் ஓர் இலை அசையவில்லை.